நம்புனவங்களும் பதில் சொல்லணும்

"இவனுகளுக்கு எல்லாம் வெளிநாட்டுல இருந்து காசு வருது." 2024 செப்டம்பர் கடைசியில எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல இந்த வரி வந்து விழுந்துச்சு. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் தாலுகாவுல 1,144 ஹெக்டேர்ல கடற்கரை மணல்ல இருந்து அணுக் கனிமம் எடுக்க மத்திய அரசு நிறுவனம் ஐ.ஆர்.இ.எல். அனுமதி கேட்டு, அக்டோபர் 1ஆம் தேதி கருத்துக் கேட்புக் கூட்டம்னு அறிவிச்சு, மிடாலம், இனயம் புத்தன்துறை, கொல்லங்கோடு பக்கத்து ஜனங்க கொதிச்சு எழும்பி, கடைசியில கூட்டத்தையே தள்ளி வச்சாங்கல்லா, அந்த சமயம். அனுப்புனது எங்க மாமா ஒருத்தர், ரிட்டயர்ட் வாத்தியார். எனக்கு வயித்தைப் பிசைஞ்சதுக்குக் காரணம் என்னன்னா, 2012ல கூடங்குளம் அணு உலைக்கு எதிரா ஜனங்க போராடுன நேரத்துல இதே மனுஷர் இதே வரியை ஒரு எழுத்து மாறாம சொன்னவரு. 12 வருஷத்துல எவ்வளவோ நடந்துபோச்சு, அந்த வரி மேல மட்டும் ஒரு கீறல்கூட விழல.

அதுக்கு அப்புறம் சுசீந்திரம் பக்கம் ஒரு கல்யாண வீட்டுல பாத்தேன் அவரை. பந்தி முடிஞ்சு, வெத்தலை போட்டுட்டு, பந்தலுக்கு வெளிய சேர் இழுத்துப் போட்டு உக்காந்திருந்தாரு. குரூப்ல சண்டை போடுறதுல எனக்கு இஷ்டம் இல்ல, நேர்லயே கேட்டேன், மாமா 2012லயும் இதைத்தானே சொன்னீங்க, அப்போ சொன்னதுக்கு என்ன ஆதாரம் பாத்தீங்க, இப்போ என்ன பாத்தீங்கன்னு. அவருக்குக் கோவம் வரல. நிதானமா சொன்னாரு: "அன்னைக்கு பிரதமரே சொன்னாரு மருமவனே. பேப்பர்ல வந்தது, டிவியில வந்தது, நம்புனோம். கவர்மெண்ட் சொன்னதை நம்புனது எங்க குத்தமா? தப்புன்னா சொன்னவனைப் போய் கேளு."

அந்தக் கேள்விதான் என்னை விடமாட்டேங்குது. ஏன்னா அதுல நியாயம் இல்லன்னு ஒரேயடியா தள்ளிவிட முடியாது. சாதாரண மனுஷன் கையில என்ன இருக்கு, பேப்பரும் டிவியும்தானே. ஒரு அரசாங்கம் தன்கிட்ட இருக்கிற மொத்த பலத்தையும் வச்சு ஒரு விஷயத்தை நம்ப வைக்கும்போது நம்புனவன் ஏமாந்தவன்தான், ஏமாந்தவன்கிட்ட போய் கணக்கு கேக்கிறது என்ன முறைன்னு தோணும். எனக்கும் கொஞ்ச நாள் தோணிச்சு. ஆனா யோசிக்க யோசிக்க மாமா சொன்னது பாதிதான் சரின்னு படுது, மீதிப் பாதியைத்தான் இங்க எழுதிப் பாக்கிறேன்.

30 கிலோமீட்டர்

நாகர்கோவில்ல இருந்து கூடங்குளம் சுமார் 30 கிலோமீட்டர். வடசேரியில பஸ் ஏறினா சுசீந்திரம், மயிலாடி, அஞ்சுகிராமம் தாண்டி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அங்க இருந்து இடிந்தகரை கூப்பிடு தூரம். லூர்து மாதா கோவிலுக்கு முன்னால பந்தல் போட்டு ஜனங்க உக்காந்திருந்தாங்க, யாரும் மறைச்சு வச்சு நடத்துன போராட்டம் கிடையாது. போனவங்க எல்லாரும் பாத்தது ஒண்ணுதான்: பொம்பளைங்க பந்தல்ல உக்காந்து பீடி சுத்திக்கிட்டே போராடுனாங்க. தொடர் உண்ணாவிரதம், அதே சமயம் அன்னைக்கு வீட்டுக்கு வேண்டிய கூலியும் போயிடக் கூடாது, அதனால மடியில முறம், முறத்துல இலையும் தூளும், கை பாட்டுக்கு சுத்துது, காது மேடைப் பேச்சுல இருக்கு. கடலுக்குப் போன ஆம்பளைங்க கிடைச்ச காசுல ஒரு பங்கை செலவுக்குக் குடுத்தாங்க. இதைப் பாத்துட்டு வந்த ஒருத்தரால "தலைக்கு ஐநூறு, கூட பிரியாணி"ன்னு சொல்ல முடியுமா? உண்ணாவிரதப் பந்தல்ல பிரியாணின்னா கேக்கவே பொருந்தல, ஆனா 2012ல எங்க ஊர் சாயாக்கடை முழுக்க அதுதான் பேச்சு.

அரசாங்கம் என்ன செஞ்சதுங்கிறது உங்களுக்குத் தெரியாதது இல்ல. 2011 செப்டம்பர்ல ஜனங்க பயம் தீருற வரைக்கும் வேலையை நிறுத்தி வைங்கன்னு மாநில அமைச்சரவை தீர்மானம் போட்டுச்சு. 2012 மார்ச் 18 சங்கரன்கோவில் இடைத்தேர்தல் ஓட்டுப்பதிவு, மறுநாள் 19ஆம் தேதி அதே அமைச்சரவை அணு உலையைத் திறக்கலாம்னு முடிவு பண்ணி, கூடவே அந்தப் பகுதிக்கு 500 கோடி ரூபா திட்டம்னும் அறிவிச்சுது. நடுவுல பிப்ரவரியில பிரதமர் மன்மோகன் சிங் ஒரு அமெரிக்க அறிவியல் பத்திரிகைக்குக் குடுத்த பேட்டியில, நம்ம அணுமின் திட்டங்களுக்கு இடைஞ்சல் வர்றதே அமெரிக்காவுல இருந்து இயங்குற தொண்டு நிறுவனங்களாலதான்ங்கிற அர்த்தத்துல பேசுனாரு. சில தொண்டு நிறுவனங்க மேல வழக்கு. நாகர்கோவில்ல ஒரு லாட்ஜ்ல தங்கியிருந்த ஜெர்மன்காரர் ஒருத்தரைப் பிடிச்சு நாட்டை விட்டு அனுப்பி, அதை எல்லா சேனலும் நாள் பூரா ஓட்டுச்சு. போராடுற ஜனங்களுக்கு ஆலோசனை சொல்ல பெங்களூர்ல இருந்து மனநல டாக்டர்களை வரவழைக்கப் போறாங்கன்னுகூட செய்தி வந்துச்சு. அப்படின்னா அந்தப் பொம்பளைங்க ஒண்ணு காசு வாங்குனவங்க, இல்லன்னா புத்தி சரியில்லாதவங்க, மூணாவதா ஒண்ணு இருக்க வாய்ப்பே இல்லங்கிற மாதிரி.

இதுல நான் ரொம்ப நாள் கழிச்சுப் புரிஞ்சுகிட்ட ஒரு விஷயம் உண்டு. இந்தப் பிரச்சாரம் இடிந்தகரை ஜனங்களை நம்ப வைக்கிறதுக்குப் பண்ணினது கிடையாது. தன் மடியில பீடி முறத்தை வச்சுகிட்டு உக்காந்திருக்கிற பொம்பளைகிட்ட போய் உனக்கு அமெரிக்காவுல இருந்து காசு வருதுன்னு சொன்னா அவ சிரிப்பா. அது பண்ணப்பட்டது எங்களுக்காக. நாகர்கோவில், வள்ளியூர், திருநெல்வேலிக்காரங்களுக்காக. போலீசை வச்சு ஒரு ஊரைச் சுத்தி வளைக்கலாம், ஆனா சுத்தியிருக்கிற டவுன் ஜனங்க "அங்க என்ன நடக்குது"ன்னு பஸ் ஏறி வந்துட்டா வளைச்சது நிக்காது. எங்களை அந்தப் பஸ்ல ஏற விடாம வீட்டுலயே உக்கார வைக்கணும், அதுக்கு அடி உதை தேவையில்ல, ஒரு வரி போதும். அந்த வரியை எங்க வீட்டுக்குள்ள, பள்ளிக்கூடத்துக்குள்ள, பந்திக்குள்ள கொண்டு போய் சேத்தது எந்த அமைச்சரும் கிடையாது, எங்க மாமா மாதிரி ஆளுங்கதான். அவங்க இல்லாம அந்தப் பிரச்சாரத்துக்குக் கால் கிடையாது.

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லணும். கன்னியாகுமரி மாவட்டத்துல கடப்புறத்துக்கும் உள்நாட்டுக்கும் நடுவுல ஒரு சுவர் ஏற்கனவே உண்டு. 1982ல இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவங்களுக்கும் நடுவுல நடந்த மண்டைக்காடு கலவரத்துக்கு அப்புறம் வளர்ந்த தலைமுறையைக் கேட்டுப் பாருங்க, கடற்கரைக்கு எட்டு கிலோமீட்டர்ல வீடு இருந்தும் ஒரு மீனவர் வீட்டுக்குள்ள போய் ஒரு சாயா குடிச்சது கிடையாது நெறய பேர். சர்ச், பாதிரியார், வெளிநாட்டுப் பணம், இந்த மூணையும் சேத்து யோசிக்கிறது எங்க ஆளுங்களுக்கு யாரும் புதுசா சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கல. அரசாங்கம் அந்த சுவரைக் கட்டல, அது மேல ஒரு போஸ்டர் ஒட்டுச்சு, அவ்வளவுதான். அப்போ "எங்களை ஏமாத்திட்டாங்க"ன்னு சொல்றது எப்படி முழுசா சரியாகும்? கேக்கணும்னு ஏற்கனவே ஆசைப்பட்ட ஒண்ணைத்தானே அவங்க வந்து சொன்னாங்க.

கரண்ட் கணக்கு

மாமா மாதிரி ஆளுங்க அன்னைக்கு அவ்வளவு சீக்கிரம் நம்புனதுக்கு இன்னொரு காரணம் கரண்ட். 2012ல சென்னையைத் தவிர மத்த ஊர்க்காரங்க பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது, ஒரு நாளைக்கு பத்து பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் கட்டு, ராத்திரி பிள்ளைங்க விசிறியைக் கையில வச்சுகிட்டு படிச்சுது, மாவு மில்லுல க்யூ, வெல்டிங் பட்டறைக்காரன் வேலை இல்லாம வாசல்ல உக்காந்திருந்தான். அந்த எரிச்சல் நியாயமான எரிச்சல். "இந்தக் கடப்புறத்துக்காரனுகளால நமக்குக் கரண்ட் இல்ல"ன்னு ஒருத்தன் சொல்லிட்டா அந்த எரிச்சல் போய் சேர ஒரு இடம் கிடைச்சுடுது.

ஆனா கணக்கு என்ன? தமிழ்நாட்டுல அன்னைக்குப் பற்றாக்குறை கிட்டத்தட்ட 4,000 மெகாவாட், அரசாங்கமே சொன்ன கணக்கு. கூடங்குளம் முதல் உலை 1,000 மெகாவாட். அதுல தமிழ்நாட்டுக்குன்னு அன்னைக்கு ஒதுக்குனது பாதிக்கும் குறைவு, மத்தது பக்கத்து மாநிலங்களுக்கு. அதாவது உலை அன்னைக்கே முழுசா ஓடியிருந்தாலும் பற்றாக்குறையில எட்டுல ஒரு பங்குதான் தீர்ந்திருக்கும். இந்த வகுத்தலைப் போட அணு விஞ்ஞானம் எதுவும் வேண்டாம், ஆறாங்கிளாஸ் பிள்ளை போட்டுடும், அதுவும் எங்க மாமா கணக்கு வாத்தியார். உலை கிரிட்டோட சேந்தது 2013 அக்டோபர் 22. கட்டு உண்மையில குறைஞ்சது வல்லூர், வட சென்னை, மேட்டூர்னு புது அனல் மின் நிலையங்க ஒண்ணொண்ணா ஓடத் தொடங்கி, வெளியில இருந்தும் கரண்ட் வாங்கின பிறகுதான். இன்னொரு விஷயம், நாகர்கோவில்ல இருந்து திருநெல்வேலி போற பஸ்ல ஜன்னல் ஓரம் உக்காந்தா ஆரல்வாய்மொழி முப்பந்தல்ல காத்தாடி வயக்காடு மாதிரி நிக்குறது கண்ணுல படும், அந்த நாட்கள்ல காத்து நல்லா அடிச்சும் லைன் தாங்காதுன்னு பல காத்தாடிகளை நிறுத்தி வச்சிருந்தாங்க. அதைப் பாத்துகிட்டே போனவங்கதான் மீன்பிடிக்கிறவங்களைத் திட்டிகிட்டே போனாங்க.

ஒண்ணைத் தெளிவா சொல்லிடுறேன். அணு உலை வேணும்னு நினைச்சவங்க எல்லாரும் ஏமாந்தவங்கன்னோ கெட்டவங்கன்னோ நான் சொல்ல வரல. படிச்சு, யோசிச்சு, இது நாட்டுக்குத் தேவைன்னு முடிவுக்கு வந்தவங்க உண்டு, அது அவங்க கருத்து, அவங்ககூட உக்காந்து வாதாடலாம். 2013 மே 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உலையை இயக்கலாம்னுதான் தீர்ப்பு சொல்லிச்சு, அதே தீர்ப்புலதான் போராடுனவங்க மேல இருக்கிற குற்ற வழக்குகளை வாபஸ் வாங்க முயற்சி எடுங்கன்னும் சொல்லிச்சு. நான் பேசுறது உலையைப் பத்தி இல்ல, ஒரு ஊர் ஜனத்தோட நாணயத்தைப் பத்தி ஆதாரமே இல்லாம பேசுனதைப் பத்தி. ஆயிரக்கணக்கான பேர் மேல எஃப்.ஐ.ஆர்., அதுல நெறய பேர் மேல தேசத்துரோகச் சட்டம், வழக்கு இருக்குன்னு பையனுங்களுக்கு பாஸ்போர்ட் கிடைக்கல, வளைகுடாவுக்குப் போய் பிழைக்கலாம்னு இருந்த வழியும் அடைஞ்சு போச்சு. 2012 செப்டம்பர் 10ஆம் தேதி கடற்கரையில கண்ணீர்ப்புகை, தடியடி, அன்னைக்கே மணப்பாடுல போலீஸ் சுட்டதுல ஒரு மீனவர் செத்துப் போனாரு. இதுல எதுக்குமே எங்க ஊர்ல ஒரு கடை அடைச்சதா எனக்கு ஓர்மை இல்ல. காசு வாங்குனவனுக்கு அடி விழுந்தா யாரு அழுவா.

போராட்டத்தோட ஒருங்கிணைப்பாளர் சுப. உதயகுமார் நாகர்கோவில்காரர். அவர் குடும்பம் நடத்துன பள்ளிக்கூடத்தை 2012 மார்ச் மாசம் ராத்திரியோட ராத்திரியா வந்து அடிச்சு நொறுக்குனாங்க, நூலகத்தைக்கூட விடல. நாகர்கோவில் வாத்தியார்கள் ஊர். தெருவுக்கு ரெண்டு வாத்தியார் வீடு உண்டு. பிள்ளைங்க படிக்கிற புத்தகத்தைக் கிழிச்சுப் போட்டதுக்கு ஊர் கூடி ஒரு சத்தம் போட்டிருக்கலாம், போடல. வாயைத் திறக்கக் கூடாதுன்னு அவங்களுக்கு எந்த உத்தரவும் வரல.

கண்டக்டர் அண்ணன் சொன்னது

இந்த இடத்துல நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன், அதை ரொம்ப பேர்கிட்ட சொல்லவும் செஞ்சேன். உத்தரவுக்குப் பயந்து ஒரு தப்பைச் செஞ்சவனை மன்னிக்கலாம், அவனுக்கு வேலை இருக்கு, சம்பளம் இருக்கு, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும். ஆனா எந்த உத்தரவும் இல்லாம, எந்த பயமும் இல்லாம, சும்மா சாயா குடிச்சுகிட்டே அந்தப் பொய்யைப் பரப்புனவனுக்கு மன்னிப்பு கிடையாதுன்னு. இதை ஒரு நாள் எங்க தெருவுல இருக்கிற அண்ணன் ஒருத்தர்கிட்ட சொன்னேன். அவரு அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர்ட் ஆனவரு. கேட்டுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் அவரு சொன்னது இது.

2012 மார்ச்ல அந்தப் பக்கம் 144 போட்டு, ஊருக்குள்ள பஸ் போக விடாம வச்சிருந்த நாட்கள். அண்ணனுக்கு அந்த ரூட் டியூட்டி. கிளம்புறதுக்கு முன்னால டைம் கீப்பர் வந்து, அஞ்சுகிராமத்தோட திருப்பிடுங்கன்னு வாயால சொன்னாரு, எழுத்துல ஒண்ணும் கிடையாது. பஸ்ல ரெண்டு மீன்காரி அம்மைமாரு, மீன் வித்துட்டு காலி சருவப் பாத்திரத்தோட ஊருக்குத் திரும்புறவங்க. ஒருத்தி சருவத்துக்குள்ள பால் பவுடர் டப்பா ரெண்டு, ஒரு அரிசிப் பை, மேல ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தா. ஊருக்குள்ள பால் வரல, கடையில சாமான் இல்ல. அஞ்சுகிராமத்துல அண்ணன் விசில் குடுத்து, இதோட சரி, எல்லாரும் இறங்குங்கன்னாரு. அந்த அம்மை, இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உண்டே மக்கா, இந்தச் சருவத்தைத் தூக்கிகிட்டு எப்படிப் போவேன்னு கேட்டா. அண்ணன் மீதி டிக்கெட் காசை சொந்தப் பையில இருந்து எடுத்துக் குடுத்தாரு. அவ காசை வாங்கி முந்தானையில முடிஞ்சுகிட்டு, "ஒன்னைச் சொல்லி என்ன, ஒனக்கு மேல சொன்னத நீ செய்யுத"ன்னுட்டு இறங்கினா. பஸ் திரும்பும்போது ரோட்டோரமா ரெண்டு பேரும் நடக்கத் தொடங்கியிருந்தாங்க, நல்ல உச்சி வெயில்.

நான் சொன்னேன், அண்ணே நீங்க என்ன செய்ய முடியும், சஸ்பெண்ட் பண்ணியிருப்பாங்க, பயந்துதானே செஞ்சீங்கன்னு. அண்ணன் என்னைப் பாத்து, "பயம் பயம்னு நீ எனக்கு சாக்கு எடுத்துத் தராத மக்கா. எனக்கு அன்னைக்கு ஒரு பயமும் கிடையாது கேட்டியா. பயந்திருந்தா மனசுக்கு ஒரு சமாதானம் உண்டும். டைம் கீப்பர் திருப்புன்னாரு, நான் திருப்பினேன், அம்புட்டுதான். ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவரு என்னைத் தூக்கிலயா போடுவாரு? எழுதிக் குடுங்க சார்னு கேட்டிருக்கலாம்லா. செட்டிகுளம் வரைக்காவது கொண்டு விட்டுட்டுத் திருப்புதேன்னு டிரைவர்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்லா. எனக்கு அப்படி ஒண்ணு தோணவே இல்ல. ஏன் தோணல தெரியுமா, கடப்புறத்துக்காரிதானே, நடப்பான்னு மனசுல எங்கேயோ கிடந்திருக்கு. அது எனக்கு ஒரு மாசம் கழிச்சுதான் வெளங்கிச்சு."

அவரு அதைச் சொன்ன விதத்துல அழுகையும் இல்ல, பெருமையும் இல்ல. கணக்கு முடிக்கும்போது பையில காசு குறைஞ்சா எங்க விட்டோம்னு தேடுற கண்டக்டரோட நிதானம்தான் இருந்துச்சு. ஆனா நான் போட்டு வச்சிருந்த பிரிவினை அன்னைக்கோட உடைஞ்சு போச்சு. உத்தரவுக்குக் கீழ இருந்தவன் ஒரு பக்கம், சும்மா நம்புனவன் மறு பக்கம்னு ரெண்டு கூட்டமா நான் பிரிச்சு வச்சிருந்தேன், ரெண்டுக்கும் அடியில ஓடுறது ஒண்ணுதான்னு அண்ணன் காட்டிட்டாரு. டைம் கீப்பரோட வாய் வார்த்தை வேலை செஞ்சதுக்கும் பிரதமரோட பேட்டி வேலை செஞ்சதுக்கும் ஒரே காரணம்தான், அங்க இருக்கிறவங்க எக்கேடு கெட்டாலும் நமக்கு ஒண்ணும் இல்லங்கிற நினைப்பு. அந்த நினைப்பு இல்லன்னா அண்ணன் ஏன்னு கேட்டிருப்பாரு. மாமா பஸ் ஏறியிருப்பாரு.

அதுக்காக பயமே பொய்னு சொல்லல. பயம் உண்மையிலேயே இருந்த இடங்களும் உண்டு. இடிந்தகரைக்குள்ளயே வழக்குக்குப் பயந்து கையெழுத்துப் போட மறுத்தவங்களை யாரு குறை சொல்ல முடியும்? ஆனா முப்பது கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் நாங்க இழக்கிறதுக்கு என்ன இருந்துச்சு, ஒரு பஸ் டிக்கெட்டும் ஒரு ஞாயித்துக்கிழமையும்தான். எவ்வளவு குறைஞ்ச விலையில உண்மையைத் தெரிஞ்சிருக்க முடியுமோ, தெரிஞ்சுக்காம விட்டவனோட பொறுப்பு அவ்வளவு கூடுதுன்னுதான் நான் இப்போ நினைக்கிறேன். சட்டத்துல இதுக்கு இடம் இல்ல, எந்தக் கோர்ட்டும் "நீ ஏன் பஸ் ஏறல"ன்னு சம்மன் அனுப்பாது. அதனாலேயே நாமளே ஒருத்தரை ஒருத்தர் கேட்டாத்தான் உண்டு.

எங்க மாவட்டத்துலேயே இதுக்கு ஒரு பழைய முன்மாதிரி இருக்கு, பள்ளிக்கூடத்துல அதைப் பாதிதான் சொல்லித் தர்றாங்க. 1954 ஆகஸ்ட் 11, தாய்த் தமிழகத்தோட சேரணும்னு நடந்த போராட்டத்துல மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் போலீஸ் சுட்டுச்சு, ஆட்கள் செத்தாங்க. அது எல்லாருக்கும் தெரியும், வருஷா வருஷம் மாலை போடுறோம். அன்னைக்கு எங்க மாவட்டம் இருந்தது திருவிதாங்கூர் கொச்சி மாநிலத்துல, அதை ஆண்டது பட்டம் தாணுப்பிள்ளையோட பிரஜா சோஷலிஸ்ட் அரசு. அந்தக் கட்சியோட பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, அந்த சமயம் உத்தரப் பிரதேசத்துல ஜெயில்ல இருந்தாரு. துப்பாக்கி அவர் கையில இல்ல, உத்தரவு அவர் போடல, சம்பவம் நடந்த இடத்துக்கும் அவருக்கும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் தூரம் இருக்கும், தமிழ் பேசத் தெரியாத மனுஷன். ஆனா செய்தி கிடைச்ச உடனே சொந்தக் கட்சி முதலமைச்சரை ராஜினாமா பண்ணச் சொன்னாரு, விசாரணை நடத்தச் சொன்னாரு. போலீஸ் குடுத்த அறிக்கையை அப்படியே எடுத்துகிட்டு, கலவரக்காரங்க, வேற வழியில்லன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம், கட்சிக்காரங்க பல பேர் அதைத்தான் சொன்னாங்க. அவருக்கு அதனால பதவி போச்சு, கட்சியும் கொஞ்ச நாள்ல உடைஞ்சுது. எங்க ஜனங்களுக்காக அவரு எடுத்துகிட்ட பொறுப்பை நாங்க 58 வருஷம் கழிச்சு பக்கத்து ஊருக்காக எடுத்திருக்க வேண்டாமா?

மாமாவும் என் கூட்டுக்காரனும்

மாமாகிட்ட நான் கடைசியில கேட்டதுக்கு வேற ஒரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாம இதை முடிக்க முடியாது. காலேஜ்ல எனக்கு ஒரு கூட்டுக்காரன், கடப்புறத்துப் பையன். 2012ல அவன் பிளஸ் டூ, டவுன்ல ஒரு பள்ளிக்கூடம். அவனோட அம்மை வீடு இடிந்தகரைப் பக்கம், சித்தியும் பாட்டியும் அந்தப் பந்தல்ல உக்காந்தவங்க. ஒரு நாள் வகுப்புல வாத்தியார் ஒருத்தர் அவனை எழுப்பி நிக்க வச்சு, உங்க பாட்டிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவுடே, டாலரா ரூபாயான்னு கேட்டாரு. மொத்த கிளாசும் சிரிச்சுது. அவன் பாட்டி அன்னைக்கு சுத்துன பீடிக்கு என்ன கூலின்னு அவனுக்குத் தெரியும், வாயில வந்தது, சொல்ல முடியாம நின்னான். காலேஜ்ல இதை என்கிட்ட சொல்லும்போது அந்த வாத்தியார் பேரையும் சொன்னான், எனக்கு அவரு என்ன முறைன்னு தெரியாமதான் சொன்னான்.

கல்யாண வீட்டுல மாமா "சொன்னவனைப் போய் கேளு"ன்னு முடிச்சப்போ நான் இதை எடுத்தேன். வகுப்புல அந்தப் பையனைக் கேளுன்னு உங்களுக்கு எந்த மந்திரி சொன்னாரு மாமான்னு கேட்டேன். மாமா வெத்தலையைத் துப்பிட்டு வந்து உக்காந்து, எந்தப் பையன்னாரு. பேரைச் சொன்னேன். அவருக்கு உண்மையிலேயே ஓர்மை இல்ல, நடிக்கல, ஆயிரக்கணக்கான பிள்ளைங்களுக்குப் பாடம் எடுத்தவரு. "தமாசுக்குக் கேட்டிருப்பேன், பிள்ளைய மனசுல வச்சிருக்குமா?"ன்னாரு. வச்சிருக்கான் மாமான்னேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்ல. அப்புறம் அவன் இப்போ எங்க இருக்கான்னு கேட்டாரு, ஓமான்ல இருக்கான், லீவுக்கு கிறிஸ்துமசுக்கு வருவான்னு சொன்னேன்.

அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்கன்னு சொன்னேன். இப்போ எதுக்கு அதெல்லாம் கிளறிக்கிட்டுன்னாரு. அதுக்கு அப்புறமும் ரெண்டு விசேஷ வீட்டுல பாத்தாச்சு, பாக்கும்போதெல்லாம் கேக்கிறேன், நம்பர் வேணுமா மாமான்னு. அத்தை என்னைக் கண்டாலே வேற பேச்சை எடுக்கிறா, எங்க அம்மாவோ வீட்டுக்கு வந்ததும், பெரியவங்களை இப்படியா நிக்க வச்சுக் கேக்கிறதுன்னு சத்தம் போட்டா. பெரியவங்களைத்தான் கேக்கணும்மா, சின்னப் பையனை நிக்க வச்சுக் கேட்டது அவருதானேன்னு சொன்னேன். மிடாலம் விஷயமா அவரு அனுப்புன வரிக்குக் கீழ குரூப்ல நானும் என் பெரியப்பா மகளும் சேந்து மூணு கேள்வி எழுதிப் போட்டிருக்கோம், எந்த அமைப்பு, எந்தக் கணக்கு, யாரு விசாரிச்சு எங்க சொன்னதுன்னு. பதில் வரல, ஆனா மாமா அந்த வரியை எடுத்துட்டாரு. நம்பரை இன்னும் வாங்கல.